எஃகா, பிஸ்மத்தா? கலிஃபோர்னியா வாத்து வேட்டைக்கு எந்தத் தோட்டா

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் வேட்டை உரிமம் எடுக்கும் நம் ஆட்கள் இப்போது அங்கொருவர் இங்கொருவராகத் தென்படுகிறார்கள். பயிற்சி வகுப்பை முடித்து, உரிமம் வாங்கி, 25 டாலர் கொடுத்து மத்திய அரசின் வாத்து முத்திரையும் வாங்கிய பிறகு எல்லோரும் வந்து முழிப்பது ஒரே இடத்தில்தான்: கடையில் தோட்டா அடுக்கியிருக்கும் அலமாரி முன்னால். எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் என்று வகைகள். ஒவ்வொன்றிலும் ரவையின், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டின், பருமனுக்கு ஏற்ப ஏழெட்டு எண்கள்; எண் கூடக் கூட ரவை சிறிது. அதற்கு மேல் இரண்டேமுக்கால் அங்குலம், மூன்று, மூன்றரை என்று நீளங்கள். நான் எஃகில் நிலைத்துவிட்டவன். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் காட்டு வாத்தைச் சுடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கின் நெல்வயல்களில் குளிர்காலத்தில் இறங்கும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் பள்ளிக்கரணைக்கு வரும் அதே இனங்கள்தான். இங்கே உரிமமும் தினசரி உச்சவரம்பும் வைத்துச் சுட விடுகிறார்கள், அங்கே தொலைநோக்கியோடு சரி.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை. கலிஃபோர்னியா இன்னொரு படி மேலே போய், 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது என்றது. வாத்துக்குப் பல் இல்லை. விழுங்கிய தானியத்தை அரைக்க, குளத்தடியிலிருந்து சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈய ரவையும் அதற்கு ஒரு கல்தான். அது அரைவைப் பையில் தேய்ந்து, இரத்தத்தில் கலந்து, நாள்கணக்கில் வாட்டிக் கொல்லும். வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் இப்படிச் சாவதாக 1959இல் ஃபிராங்க் பெல்ரோஸ் தன் ஆய்வில் மதிப்பிட்டார். நாடு தழுவிய தடை வர அதற்கப்புறமும் 30 வருடத்துக்கு மேல் ஆனது.

புதியவர்கள் கோட்டைவிடுவது ஒரு சின்ன விஷயத்தில். ஈயத் தோட்டாவைச் சுடுவது மட்டுமல்ல, வாத்து வேட்டையின்போது அதைக் கையில் வைத்திருப்பதே மத்திய விதிப்படி குற்றம். கிளே தட்டு, அதாவது காற்றில் எறியும் களிமண் தட்டு, சுடும் மைதானங்களில் ஈயம் சகஜம். போன வாரம் அங்கே போட்டிருந்த அதே மேல்சட்டையை மாட்டிக்கொண்டு சதுப்புக்குப் போனால், பை மடிப்பில் கிடக்கும் ஒற்றை ஈயத் தோட்டா போதும், வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் வார்டன் அபராதச் சீட்டு எழுதுவார். இரண்டுக்கும் தனித்தனிச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள். செம்பு நிறத்தில் மின்னும் ரவையைப் பார்த்தும் ஏமாற வேண்டாம், செம்புப் பூச்சு போட்ட ஈயமும் விற்கிறது. மத்திய அரசின் மீன் மற்றும் வனவிலங்குச் சேவை அங்கீகரித்த பட்டியலில் உள்ள ரவை மட்டும்தான் செல்லும். எஃகு, பிஸ்மத்-தகரக் கலவை, டங்ஸ்டன் கலவைகள் பல அதில் உண்டு.

சட்டம் ஒப்புக்கொண்டதெல்லாம் வேலைக்கு ஆகும் என்றும் இல்லை. 7ஆம் எண் எஃகு ரவை சட்டப்படி சரி. ஆனால் அது தட்டு உடைக்கச் செய்தது. இரண்டரை மில்லிமீட்டர் எஃகுக் குண்டு பெரிய வாத்தின் இறகையும் நெஞ்செலும்பையும் தாண்டி உள்ளே போகத் திணறும். பறவை அடிபட்டுப் பறந்து போய் எங்கோ கோரைக்குள் கிடந்து சாகும். மலிவாக இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள்.

டங்ஸ்டனை விரைவாகக் கடந்துவிடுகிறேன். இந்த வகையில் உச்சம் டிஎஸ்எஸ் (டங்ஸ்டன் சூப்பர் ஷாட்). அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 18 கிராம் அளவில், ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மிகச் சிறிய ரவையே ஆழமாகப் பாயும் என்பதால் குழல் சிறிய 20 கேஜ், 28 கேஜ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கொண்டாடுகிறார்கள். நண்பர் கொடுத்த சிலவற்றைச் சுட்டதோடு என் அனுபவம் முடிந்தது. விலையைப் பார்த்தால் ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் கை நடுங்கும். நல்லது என்பதில் சந்தேகமில்லை, 35 கெஜத்தில் அது எனக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

இனி உண்மையான போட்டி. எஃகின் அடர்த்தி 7.86, பிஸ்மத் கலவை 9.6 அளவு, ஈயம் 11க்குச் சற்று மேல். பிஸ்மத் ஈயத்துக்கு நெருக்கம், எஃகு இலேசு என்பதுதான் பிஸ்மத்காரர்களின் வாதம். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4ஆம் எண் பிஸ்மத் ரவையின் விட்டம் 3.3 மில்லிமீட்டர், எடை சுமார் 0.18 கிராம். 3ஆம் எண் எஃகு ரவையின் விட்டம் 3.56 மில்லிமீட்டர், எடை அதேதான், சுமார் 0.18 கிராம். எண்ணை ஒன்று மாற்றினால் எடை சமமாகிவிடுகிறது. ஒன்றேகால் அவுன்ஸ் தோட்டாவில் இரண்டிலும் ஏறக்குறைய 195 ரவை. அப்படியென்றால் பிஸ்மத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எதற்கு? ரவை கொஞ்சம் ஒல்லியாக இருப்பதால் காற்றில் வேகம் குறைவது மெதுவாக நடக்கும், பாயும்போது தடையும் குறைவு. 50 கெஜத்தில் இந்த வித்தியாசம் பேசும். பறவையை ஈர்க்க மிதக்கவிடும் பொம்மை வாத்துக்கு மேலே இறக்கையை விரித்து, காலை நீட்டி இறங்கும் பறவை 25, 30 கெஜத்தில் இருக்கும். அந்தத் தூரத்தில் இரண்டுக்கும் நடுவே நான் வித்தியாசம் கண்டதில்லை.

விலையில் வித்தியாசம் கண்கூடு. கடைக்குக் கடை மாறினாலும், பிஸ்மத் ஒரு பெட்டி எஃகைப்போல இரண்டு மூன்று மடங்கு. இதற்குப் பிஸ்மத்காரர்களிடம் நியாயமான பதில் ஒன்று உண்டு. கிரே லாட்ஜ், கிரிஸ்லி ஐலண்ட், சாக்ரமெண்டோ புகலிடம் போன்ற பொது இடங்களில் களத்துக்குள் 25 தோட்டாவுக்கு மேல் எடுத்துப் போகவே முடியாது. பெட்ரோல், உரிமம், முழங்கால் தாண்டிய ரப்பர் உடுப்பு என்று அவ்வளவு செலவழித்தவன் அந்த 25இல் போய் மிச்சம் பிடிப்பானா என்று கேட்பார்கள். களத்தை மட்டும் பார்த்தால் சரிதான்.

ஆனால் தோட்டாவின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் இடம் களம் அல்ல, காகிதம். என்னைக் கேட்டால் உலோகம், எண், வேகம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும், அந்தத் தோட்டா உங்கள் குழலில், உங்கள் சோக்கில் (ரவையின் பரவலைக் கட்டுப்படுத்தக் குழல் வாயைக் குறுக்கும் பகுதி) ரவையை எப்படி விரிக்கிறது என்பதைச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரே கம்பெனித் தோட்டா, ஒரே மாடல் துப்பாக்கி, இரண்டு பேர் கையில் இரண்டு விதமாக விரியும். ஆளுயரத்தில் ஒரு பழுப்புக் காகிதத்தை மாட்டுங்கள். நீங்கள் நிஜமாகச் சுடும் தூரத்தில், எனக்கு 35 கெஜம், நின்று நடுவில் ஒரு வெடி. அப்புறம் கிட்டப் போய், துளைகள் அதிகம் அடர்ந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் எத்தனை துளை என்று பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள். எஃகு ரவையை வருடக்கணக்கில் சோதித்த டாம் ராஸ்டரின் அட்டவணை, பெரிய வாத்துக்கு அந்த வட்டத்தில் 85 முதல் 90 ரவையாவது வேண்டும் என்கிறது. கிளுவை மாதிரிச் சிறு வாத்துக்கு இன்னும் கூடுதல். எண்ணிக்கை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளங்கையை விரித்துக் காகிதத்தின் மேல் அங்கங்கே வைத்துப் பாருங்கள். கை வைத்த இடத்தில் ஒரு துளைகூட இல்லாத வெற்றிடங்கள் நிறைய இருந்தால், அந்தத் தோட்டாவும் அந்தச் சோக்கும் ஜோடி சேரவில்லை.

என் துப்பாக்கி சாதாரண ரெமிங்டன் 870, தோட்டா உட்காரும் அறை மூன்று அங்குலம். இறுக்கமான ஃபுல் சோக்கில் எஃகைச் சுட்டபோது நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கொத்தாக அப்பியிருந்தது, ஓரமெல்லாம் காலி. இதில் ஆச்சரியம் இல்லை. ஈயம் மென்மையானது, குழலுக்குள் நசுங்கிக் கோணலாகி, கொஞ்சம் ரவை எங்கெங்கோ சிதறும். அதை இழுத்துப் பிடிக்கத்தான் இறுக்கமான சோக். எஃகு நசுங்காது, தானாகவே நெருக்கமாகப் போகும். அதனால் மாடிஃபைடு, அல்லது அதைவிடத் தளர்வான இம்ப்ரூவ்டு சிலிண்டர் போதும். இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 3ஆம் எண் எஃகு, ஒன்றேகால் அவுன்ஸ், நொடிக்கு 1,400 அடி வேகத்தை ஒட்டியது: வட்டத்துக்குள் நூறைத் தாண்டியது, வெற்றிடமும் இல்லை. 1,550 அடி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த வேகத் தோட்டா அதே சோக்கில் திட்டுத் திட்டாக விரிந்தது, தோளும் வலித்தது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க எத்தனை தோட்டா செலவாகும் என்று யோசியுங்கள். ஒரு வெடியை நம்பி முடிவெடுக்க முடியாது, ஒரு சோக்குக்கு நாலைந்தாவது வேண்டும். மூன்று சோக், இரண்டு எண், இரண்டு தூரம் என்று போனால் பெட்டிகள் காலியாகும். எஃகு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம். பிஸ்மத் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. விலை கொடுத்தோம், நன்றாகத்தான் இருக்கும் என்று நேராகக் களத்துக்குப் போகிறார்கள். காகிதத்தில் சோதித்த எஃகு, சோதிக்காத பிஸ்மத்தைவிட எனக்கு மேல். இன்னொன்று: பல கிளே மைதானங்களில் பெரிய ரவையைச் சுட விடமாட்டார்கள். இப்படிக் காகிதம் மாட்டிச் சுடும் பேட்டர்ன் பலகை உள்ள இடமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

பிஸ்மத்தே சரி என்று நானே கை காட்டும் இடம் ஒன்று உண்டு, பழைய துப்பாக்கி. எங்களோடு வரும் மதுரைக்கார அண்ணன் ஒருவர் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் ஆட்டோ-5 வைத்திருக்கிறார். ஈயக் காலத்துக் குழல், வாயில் கழற்ற முடியாத சோக். அந்தப் பெல்ஜியக் குழல்களில் எஃகு ரவை சுடவே கூடாது என்று பிரவுனிங்கே சொல்கிறது. நசுங்காத ரவை சோக்கை நெருக்கி, குழல் வாய் வீங்கிவிடலாம். “தம்பி, துப்பாக்கியை மாத்துறதைவிடத் தோட்டாவை மாத்துறது லாபம்டா” என்பார். அவருக்கு அது சரி. தாத்தா காலத்துத் துப்பாக்கி கைக்கு வந்தவர்கள் எஃகை நினைக்கவே வேண்டாம், முதலில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குழலின் பக்கவாட்டில் அறையின் நீளம் பெரும்பாலும் பொறித்திருக்கும். இரண்டேமுக்கால் என்றிருந்தால் மூன்று அங்குலத் தோட்டா உள்ளே நுழைந்தாலும் சுடக் கூடாது.

சமையலறையில் இருவருக்கும் ஆளுக்கொரு புள்ளி. பிஸ்மத் நொறுங்கக் கூடியது, கறியில் கடிபட்டால் பல் பிழைக்கும். எஃகைக் கடித்தால் பல் மருத்துவர்தான். ஆனால் எஃகு காந்தத்துக்குக் கட்டுப்படும். தோலுரித்த நெஞ்சுக் கறியை மசாலா தடவும் முன் பலகையில் பரப்பி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றி மெல்ல உருட்டினால், மேலாக இருக்கும் ரவை டிக்கென்று ஒட்டும். ஆழத்தில் இருப்பதற்கு இரத்தம் கட்டிக் கறுத்த துளையைத் தேடுங்கள். ரவை போகும்போது இறகு ஒன்றிரண்டை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்த இறகைப் பிடித்து இழுத்தால் முனையில் ரவை இருக்கும். பிஸ்மத்தில் காந்த வித்தை பலிக்காது, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

மூன்றரை அங்குலத் தோட்டாவைப் பற்றிக் கேட்பார்கள். என் துப்பாக்கியில் அது நுழையாது, சொந்தமாகச் சுட்டதும் இல்லை. வாத்து வேட்டைக்கு அதன் தேவை எனக்குப் புரிந்ததில்லை, கூஸ் சுடுபவர்கள் வேறு சொல்லலாம். 20 கேஜில் மூன்று அங்குல எஃகை என் மைத்துனர் சுடுகிறார், 30 கெஜத்துக்குள் குறை சொல்லவில்லை.

வாங்குவதை ஆகஸ்டு, செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். அக்டோபர் கடைசியில் சீசன் திறக்கும்போது 2ஆம் எண்ணும் 3ஆம் எண்ணும் அலமாரியில் இருக்காது, யாரும் தொடாத பிபி என்ற பெரிய ரவை மட்டும் கிடக்கும். 3 கிடைக்கவில்லையென்றால் 2ஐ எடுங்கள். ரவை எண்ணிக்கை குறையும், ஒரு அவுன்ஸுக்கு 158 இருந்த இடத்தில் 125தான், ஆகவே காகிதத்தில் மறுபடி எண்ணிவிடுங்கள். கிளுவை அதிகம் வரும் இடம் என்றால் 4 நல்லது. போன வருட மிச்சத்தைத் திறக்கும்போது பித்தளை நிற அடிப்பகுதியைப் பாருங்கள். பல தோட்டாக்களில் அது பூச்சுப் போட்ட எஃகுதான், கிரிஸ்லி ஐலண்டின் உப்புத் தண்ணீர் பட்டால் துரு ஏறும். நனைந்ததை அப்படியே பெட்டியில் போட்டு வைத்தால் உள்ளே ரவையும் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடும். குலுக்கினால் ரவை அசையும் சத்தம் வராத நனைந்த தோட்டாவைத் துப்பாக்கியில் போடாதீர்கள்.