மதுரைத் தண்ணீரும் நிக்கான் எஃப்எம்2-வும்

ஏழு வருடமாக நிக்கான் எஃப்எம்2 என்ற பிலிம் கேமராவில் கருப்பு வெள்ளைப் படங்கள் மட்டும்தான் எடுக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது பின்மூடியைச் சுற்றியிருந்த கருப்பு ஃபோம் உருகிப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். இதுவரை பார்த்த ரிப்பேர் அது ஒன்றுதான். பழைய கேமரா எது வாங்கினாலும் முதலில் அந்த ஃபோமைத் தொட்டுப் பாருங்கள்.

1982-ல் வந்த மாடல். ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும். ஒரு நொடியில் 4000-ல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறக்கும் 1/4000 வேகம் நமக்கு எதற்கு என்று முதலில் நினைத்தேன். வெளிச்சத்தைச் சீக்கிரம் பிடிக்கும் ஐஎஸ்ஓ 400 ரோலைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வைகை மணலில் நின்றபோது புரிந்தது, லென்ஸ் துளையை எஃப்/5.6 அளவுக்குத் திறந்து எடுக்க அந்த வேகம் வேண்டியிருந்தது. அங்கிருந்து நடந்து புதுமண்டபத் தூண்களுக்குள் நுழைந்தால் 1/30-க்கு இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அமுக்க வேண்டும்.

மீட்டர் நல்ல மீட்டர்தான். ஆனால் எதிரில் நாலு பேர் வெள்ளை வேட்டியில் நின்றால் ஏமாந்துவிடும், முகங்கள் கரியாகிவிடும். அதே வெயிலில் என் உள்ளங்கையைக் காட்டி அளந்து, ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வைப்பேன்.

சரி, கேமராவை விட எனக்குப் பாடம் சொன்னது தண்ணீர். நான் போடுவது இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளை பிலிம். ஊட்டியில் தயாரான 'இந்து' ரோல் காலம் முடிந்துவிட்டது. எச்பி5 வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். அதனால் வீட்டிலேயே, பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் டி-76 என்ற டெவலப்பரைக் கலந்து கழுவுகிறேன். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பார்கள். மே மாதம் எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். முதல் கோடையில் டெவலப்பரை மட்டும் ஐஸ் வைத்துக் குளிரவைத்தேன். படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் முடிந்ததும் ரோலைக் குழாயடியில் பிடித்தேன். பிலிம் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் ஊறி, அந்தச் சூட்டில் இளகி, கீழக்குயில்குடியில் ஒரு நாள் முழுக்க எடுத்த படங்கள் வெடித்த கண்மாய்த் தரை மாதிரி ஆகிவிட்டன. அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இப்போது டெவலப்பர், ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாம் தனித்தனிப் பாத்திரத்தில், ஒரே டப் தண்ணீருக்குள், 24 டிகிரியில். ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்த டி-76-ல் 7.5 நிமிடம். அலச ஓடும் குழாய் வேண்டாம்: ரோல் இருக்கும் மூடிபோட்ட சின்னத் தொட்டியை நிரப்பி, 5 முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி, தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுத்து 10 முறை, அப்புறம் 20. இல்ஃபோர்டே சொன்ன முறை, தண்ணீரும் மிச்சம். எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். காய்ந்தால் நெகட்டிவில் வெள்ளைப் பொட்டு விழும். கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். ரோலை அந்தச் சின்னத் தொட்டிக்குள் போகும் சுருளில் ஏற்றுவது விடிகாலையில்தான். பகலில், வெளிச்சம் படாமல் ரோலைக் கையாளும் கறுப்புப் பைக்குள் கை வியர்த்து, பிலிம் பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை பாடும் எதற்கென்றால், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எடுத்த ஒரு படம் போதும். ஒரு அம்மாவின் விரல்கள், நனைந்த வாழைநார், மொட்டுகளின் காம்புப் பச்சைகூடச் சாம்பலாகத் தனியே தெரிகிறது. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கலரில் இல்லையே என்று நான் இழுத்தபோது, "மல்லிக்கு எதுக்குத் தம்பி கலரு?" என்றார்.

போன வருடம் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று துருத்தியால் தண்ணீர் பீய்ச்சியவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன். கேமரா தலையிலிருந்து நனைந்தது. மீட்டர் விளக்கு அணைந்துவிட்டது. ஷட்டர் நிற்கவில்லை, மீதி 14 படத்தையும் கண் மதிப்பில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து துடைத்து, இரண்டு நாள் மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். மூன்றாம் நாள் மீட்டரும் எரிந்தது.