பாதி காலியானால்தான் தெரியும்: ஒரு பாட் பேக்குடன் இரண்டு ஆண்டுகள்

பெயின்ட்பால் என்பது வண்ணக் குண்டுகளால் எதிரணியைச் சுட்டு வெளியேற்றும் ஆட்டம். அதை ஆடுபவர்கள், குண்டுக் குப்பிகளை இடுப்பில் சுமக்க உதவும் புதிய பாட் பேக்கை மாட்டிப் பார்க்கும்போது எல்லாக் குப்பிகளையும் செருகிக்கொண்டு நாலடி நடந்து பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்து ஏமாந்தேன். நிறைந்திருக்கும்போது எந்தப் பேக்கும் கச்சிதமாகத்தான் நிற்கும். ஆட்டத்தின் நடுவில் பாதிக் குப்பிகள் போன பிறகுதான் அதன் குணம் வெளியே வரும்.

என்னுடையது நான்கு முதன்மை அறைகளும், அவற்றின் இடுக்குகளில் மூன்று எலாஸ்டிக் வளையங்களும் கொண்ட வகை. ஒவ்வொரு குப்பியிலும் 140 வண்ணக் குண்டுகள். .68 அங்குல அளவுக் குண்டு ஒன்று ஏறத்தாழ 3 கிராம் என்றால், ஏழு குப்பிகளின் 980 குண்டுகள் மட்டுமே மூன்று கிலோவை நெருங்குகின்றன. முதல் சில மாதங்கள் ஏழையும் சுமந்தேன். குண்டு தீர்ந்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன? துப்பாக்கியின் மேலிருக்கும் குண்டுக் கலமான ஹாப்பரில் இருப்பது போக ஓர் ஆட்டத்தில் மூன்று குப்பிகளை நான் காலி செய்ததே அபூர்வம். இப்போது நான்குடன் நிறுத்திக்கொள்கிறேன். முட்டி அதற்கு நன்றி சொல்கிறது.

பட்டையை எங்கே கட்டுவது என்பதில் வெகுநாள் தடுமாறினேன். தொப்புள் உயரத்தில் இறுக்கினால் நிற்கும்போது சுகமாக இருக்கும். தடுப்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்த உடனே வயிற்றை அழுத்தி மூச்சு வாங்க வைக்கும். நான்கு விரல் கீழே இறக்கி இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. இந்தப் பட்டையில் இரண்டு அடுக்கு: உள்ளே ஒரு வெல்க்ரோ, அதன் மேல் இழுத்து இறுக்கும் எலாஸ்டிக் பட்டை. உட்புறத்தில் ரப்பர் வரிகள் இருப்பதால் சட்டையின் மேல் வழுக்குவதில்லை. ஆனால் வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் விளிம்பைத் தாண்டி அரை அங்குலம் நீண்டிருந்தது. இரண்டே மாதத்தில் என் ஜெர்சியின் முன்புறம் முழுக்க நூல் பிரிந்து உருண்டை உருண்டையாகிவிட்டது. கத்தரிக்கோலால் அந்த அரை அங்குலத்தை வெட்டி எறிந்தேன். தயாரித்தவர்கள் இதைக் கட்டிக்கொண்டு ஒருமுறையாவது ஆடிப் பார்த்திருப்பார்களா என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை.

இனி பாதி காலியாகும் கதை. வலது கையில் மார்க்கர், அதாவது ஆட்டத் துப்பாக்கி, இருப்பதால் குப்பியை இடது கைதான் எடுக்கும். கை இயல்பாகப் போவது இடது ஓரத்துக்கு. முதல் இரண்டையும் அங்கிருந்தே உருவினால் எடை முழுவதும் வலப்பக்கம் சாய்ந்து, ஓட ஓட பேக் மெல்லச் சுழன்றுவிடும். மூன்றாவது குப்பியைத் தேடும்போது கைக்குக் காற்றுதான் அகப்படும். இடுக்கு வளையங்களின் நிலை இதைவிட மோசம். பக்கத்து அறைகளில் குப்பிகள் நிற்கும்வரைதான் அவற்றுக்குப் பிடிப்பு. அண்டை வீடு காலியானால் அவையும் தளர்ந்து, சறுக்கிப் படுத்தால் குப்பி தரையில் கிடக்கும். ஆகவே வளையத்தில் இருப்பதை முதலில், பிறகு நடுவில் இருப்பதை, ஓரத்தில் இருப்பதைக் கடைசியில் என்று கையைப் பழக்கினேன். பழகப் பல வாரங்கள் ஆயின.

பழகிய பிறகு அது தனிச் சுகம். இழுப்பு நாக்கான தாவலைச் சுண்டினால் அறையின் மேல்மூடி விடுபடும். அறையின் எலாஸ்டிக் குப்பியை இரண்டு மூன்று அங்குலம் மேலே தள்ளும். குப்பியின் மூடி கீழ்நோக்கி இருக்கும்படி செருகியிருப்பதால் அப்படியே உருவி, ஹாப்பரின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் திறந்தால் மொத்தமும் சலசலவென்று இறங்கிவிடும். கண் எதிரியை விட்டு அகல வேண்டியதில்லை.

எட்டாவது மாதம் மூன்றாவது அறையின் எலாஸ்டிக் செத்தது. தாவலை இழுத்தேன், எதுவும் மேலே வரவில்லை. இரண்டு விரல்களை உள்ளே விட்டுக் குடைந்துகொண்டிருந்த நேரத்தில் முழங்கை தடுப்புக்கு வெளியே நீண்டுவிட, அதிலேயே அடி வாங்கி வெளியேறினேன். தவறில் பாதி என்னுடையது. ஆடி முடித்ததும் குப்பிகளை எடுக்காமல், எலாஸ்டிக் இழுபட்ட நிலையிலேயே வாரக்கணக்கில் பையில் போட்டு வைத்திருந்தேன்.

இன்னொரு முறை ஒரு குப்பியின் மூடி உள்ளேயே திறந்து பத்துப் பன்னிரண்டு குண்டுகள் நசுங்கின. சாயம் தண்ணீரிலேயே போய்விடும். கஷ்டம் கொடுப்பது ஜெலட்டின் ஓடுதான். காய்ந்தால் வலைத்துணியில் தோல்போல ஒட்டிக்கொள்ளும். வெல்க்ரோவை மூடிவிட்டு, அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்துகிறேன். ஈரம் துளியும் இல்லாமல் துடைத்த பிறகே குப்பிகளை நிரப்புவேன்; ஈரம் பட்ட குண்டு உப்பிக் குழாயில் சிக்கும்.

செத்த எலாஸ்டிக்கை நானே பிரித்து, சற்று அகலமானதை வைத்துத் தடித்த நூலால் தைத்தேன். தையல் கோணல்தான். ஆனால் இன்று நான்கு அறைகளில் குப்பியை வேகமாக வெளியே தள்ளுவது அந்த மூன்றாவது அறைதான். மற்ற மூன்றும் அதன் பக்கத்தில் சோம்பேறிகளாகத் தெரிகின்றன.