மாருத் கிட்: மூக்கு சரி, இறக்கைதான் தகராறு

தஞ்சாவூரில் ஒரு பொம்மைக் கடையில் எச்.எஃப்-24 மாருத் போர்விமானத்தின் கிட் (துண்டுகளை ஒட்டிச் செய்கிற பொம்மை) கிடைத்தது, 72-ல் ஒரு பங்கு அளவு. ஜெர்மன்காரர் கர்ட் டாங்க் வடிவமைக்க, பெங்களூரில் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். கட்டி, 1961-ல் முதல்முறை பறந்து, 1971 போரிலும் இறங்கிய விமானம். ஒல்லி மூக்கு, பக்கத்துக்கு ஒரு காற்றுவாய், எல்லாம் அச்சு அசல். ஆனால் இடது இறக்கை உடலோடு சேரவே இல்லை, நகம் நுழைகிற இடைவெளி, ரெண்டு ராத்திரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஸ்டிக்கரைத் தண்ணீரில் போட்டால் எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. வேறு பெட்டி மாற்றித் தரக் கேட்டால் "பிரிச்சாச்சே தம்பி" என்கிறார் கடைக்காரர். சரி, அசலே இரண்டு ஆர்ஃபியஸ் என்ஜின் போட்டும் நேராகப் பறக்கையில் ஒலிவேகத்தைத் தாண்டவில்லையே என்று பாதிக் கோபம் அடங்கிவிட்டது. வாங்குவதானால் பசையைத் தனியாக வாங்குங்கள், பெட்டியில் இருப்பது காய்ந்துகிடக்கிறது.