வேதபாடக் குழுவுக்கான வீடியோ தொகுப்பு: எரேமியா பாடத்துக்காகவே வாங்கலாம்

பிரசங்கம், கலாச்சாரம், அரசியல் மூன்றையும் ஒரு விசுவாசி எப்படிப் பகுத்தறிவது என்று சபைக் குழுக்களில் ஓட்டிப் பேசுவதற்கான வீடியோ பாடத்தொகுப்பு இது. வாங்கலாம். கூடவே வரும் கையேட்டை மட்டும் அப்படியே நம்பி நடத்தாதீர்கள்.

இருப்பதிலேயே நல்ல பாடம் எரேமியா 28. பாபிலோனின் நுகம், அதாவது யூதாமேல் இருந்த அதன் ஆதிக்கம், இரண்டே வருஷத்தில் முறியும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான். எரேமியா கத்தவில்லை. ஆமென், கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்கிறார், சமாதானம் சொல்கிற தீர்க்கதரிசியை அவன் சொன்னது நடக்கும்போதுதான் நம்பலாம் என்கிறார், பாபிலோனுக்குப் பணியுங்கள் என்பதற்கு அடையாளமாக அவர் கழுத்தில் போட்டிருந்த நுகத்தையே அனனியா எடுத்து உடைத்த பிறகும் பேசாமல் போய்விடுகிறார், கர்த்தருடைய வார்த்தை வந்த அப்புறம்தான் திரும்பி வந்து பதில் சொல்கிறார். தேர்தல் நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் தீர்க்கதரிசனங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள், குழுவில் எல்லாருக்கும் பேச ஏதாவது இருக்கும்.

கலாச்சாரப் பாடம் சுமார். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று பவுல் பேசுகிற 1 கொரிந்தியர் 8இல் நன்றாகத்தான் தொடங்குகிறது, கடைசியில் பார்க்கலாம், பார்க்கக்கூடாது என்று சினிமாப் பட்டியலாகிவிடுகிறது (பவுல் அவ்வளவு பாடுபட்டுத் தவிர்த்தது அதைத்தான்).

அரசியல் பாடம்தான் ஏமாற்றம். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற ரோமர் 13லேயே பாதி நேரம் போகிறது, அதிகாரம் மிருகமாக வருகிற வெளிப்படுத்தல் 13 பக்கமே போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசுக்கு ஆசீர்வாதம் சொல்ல அதே ரோமர் 13ஐப் பயன்படுத்தியதை 1985இல் அங்கிருந்த இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் நேராகவே கண்டித்தது, அதைப் பற்றியும் பேச்சில்லை. ஜெர்மனியில் நாஜிகளின் பிடிக்குள் சபை போவதை எதிர்த்து வந்த 1934ஆம் வருஷத்து பார்மன் அறிக்கையைச் சபையின் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். சரி, தைரியமான அறிக்கைதான். ஆனால் ஹிட்லரை ஆதரித்தவர்களும் அதே சபைகளில் இருந்தார்கள், அந்த அறிக்கையிலோ யூதர்களுக்கு நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் பக்கத்து ஆட்களையும் சோதித்துப் பார்க்கக் கற்றுத்தர அதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

கையேட்டுக் கேள்விகளும் அப்படித்தான், கள்ளப்போதகம் எப்போதும் அடுத்த சபையில்தான் இருக்கிறது. நாங்கள் அதை மூடிவைத்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த கட்சி என்ன செய்தால் அதற்கு ஓட்டுப் போடமாட்டீர்கள் என்று கேட்டோம், அன்றைக்குத்தான் உருப்படியான விவாதம் நடந்தது.

போதகரே மேடையில் கட்சி பேசுகிற சபை என்றால் அரசியல் பாடத்தை விட்டுவிடுங்கள், அவர் சொன்னதற்கு முத்திரை குத்தினதாகத்தான் முடியும். அந்த வாரத்திலும் எரேமியாவையே ஓட்டலாம்.