பழைய டீசல் பிக்கப்பின் மைலேஜ்: நீண்டகால ஓட்டத்தில் பலன் தந்தவையும் தராதவையும்

மைலேஜ் குறைந்தால் முதல் பழி டீசல் பம்ப் மேல்தான் விழும். பம்பை இறக்கி கேலிப்ரேஷன் செய்து, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களையும் மாற்றிய பிறகும் வண்டி பழையபடியே டீசல் குடிக்கும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய பிக்கப்களை வருடக்கணக்கில் ஓட்டிப் பராமரித்ததில் தெளிவாகத் தெரிவது இதுதான்: பல வண்டிகளில் மைலேஜ் போகும் இடம் சக்கரம், கூலிங் சிஸ்டம், காற்றுக் குழாய் மூன்றும்தான். பம்பைக் கடைசியில் தொட்டால் போதும்.

எதையும் கழற்றும் முன் மைலேஜைச் சரியாக அளந்துகொள்ளுங்கள். டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல். முடிந்தவரை அதே பங்க், அதே பம்ப், முதல் தடவை கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். ஒரே ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள், மூன்று டேங்கின் சராசரி பாருங்கள். டயர் சைஸ் மாற்றிய வண்டியில் ஓடோமீட்டரை அப்படியே நம்பக் கூடாது. 215/75 ஆர்15-க்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 703 மி.மீ.யிலிருந்து 733 மி.மீ. ஆகும். மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி 104 கி.மீ. ஓடியிருக்கும். குறையாத மைலேஜ் குறைந்ததாகக் கணக்கு வருவது இப்படித்தான். ஜி.பி.எஸ். தூரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்து பிரேக். லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக்கை ஓட்டுபவர் உணரவே மாட்டார். டீசல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். நல்ல சாலையில் அரை மணி நேரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வண்டியைத் தானாக உருள விட்டு நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் ரிம்மிலும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அதுதான் ஆள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பிளீடர் நிப்பிளை (பிரேக் லைனில் உள்ள காற்றை வெளியேற்றும் திருகு) கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் லைனில் பிரஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது: உள்ளே ஊதிப்போன ரப்பர் ஹோஸ், அல்லது புஷ்ராடில் ஃப்ரீ பிளே (சிறு இடைவெளி) இல்லாத மாஸ்டர் சிலிண்டர். தளர்த்தியும் விடுபடாவிட்டால் இறுகிய காலிப்பர் பிஸ்டன், காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் வறண்டிருப்பது, உறைக்குள் துருப்பிடித்த ஹேண்ட்பிரேக் கேபிள் என்று தேட வேண்டும். ஸ்லைடு பின்னுக்குப் பிரேக் கிரீஸ் மட்டுமே போடுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பி, பின் முன்பைவிட மோசமாகப் பிடிக்கும்.

டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில், கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி லோடுக்குத் தக்கபடி வையுங்கள். டயரின் பட்டன் (தரையில் படும் கட்டங்கள்) மேல் கையால் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் பிசிறடித்தால் டோ, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, தவறியிருக்கிறது. ஃபோர் வீல் வண்டியில் முன் ஹப் லாக் (முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கும் பூட்டு) திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் விஷயத்தில் நடக்கும் தவறு உண்மையிலேயே வருத்தம் தரும். சூடு ஏறுகிறது என்று வந்த வண்டியில் காரணத்தைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். டீசல் இன்ஜின் 80–90 டிகிரியில் ஓட வேண்டியது. 60 டிகிரியிலேயே ஓடினால் டீசல் சரியாக எரியாது, ஆயில் கெட்டியாகவே இருக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சோதிப்பது எளிது: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானால் நல்லது. ஆரம்பத்திலிருந்தே மெதுவாகச் சூடேறிக்கொண்டு வந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. புதிதாகப் போடும்போது காற்று வெளியேறும் சிறு ஓட்டை மேல்பக்கம் இருக்கட்டும். விஸ்கஸ் ஃபேன் (சூட்டுக்கு ஏற்ப வேகம் மாறும் ரேடியேட்டர் விசிறி) எந்நேரமும் உறுமிக்கொண்டே சுற்றினால் அதுவும் இன்ஜினின் சக்தியைத் தின்கிறது என்று பொருள்.

டர்போ வண்டியில் ஏர் ஃபில்டரை மாற்றியும் லோடில் கரும்புகை நிற்காவிட்டால் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆயில் ஊறி ரப்பர் மென்மையாகி, கிளாம்புக்குப் பக்கத்திலேயே கீறல் விட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. இன்ஜினுக்குக் காற்று நுழையும் மேனிஃபோல்டிலிருந்து டீசல் பம்பின் தலைக்குப் போகும் சின்ன ஹோஸ் விட்டிருந்தால் புகை வராது, ஆனால் வண்டி இழுக்காது. இழுக்காத வண்டியை கியர் இறக்கி இறக்கி ஓட்டுவதில்தான் மைலேஜ் போகிறது.

ஓட்டும் முறையில் வேகத்துக்கு இணை எதுவும் இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், 80-லிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். காலியான கேரியரைக் கழற்றுங்கள். பின்கதவைத் திறந்து போட்டால் காற்று சுலபமாகப் போகும் என்பது தவறு. பின்கதவு மூடியிருந்தால் வண்டியின் பின் தொட்டிக்குள் சுழலும் காற்றே மேலே வரும் காற்றை வழுக்கிக் கடத்திவிடும். இறக்கத்தில் நியூட்ரலும் வேண்டாம். கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னரே டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்கு டீசல் போவதோடு இன்ஜின் பிரேக்கும் இல்லாமல் போகும்.

மைலேஜ் கூட்டும் என்று சொல்லப்படும் காந்தம், ஹைட்ரஜன் கிட் இரண்டும் வீண். அந்த கிட் ஆல்டர்னேட்டரிலிருந்து எடுக்கும் மின்சாரமும் டீசலில் இருந்துதான் வருகிறது. மண்ணெண்ணெய் கலப்பது இன்னும் கேடு. ரோட்டரி வகை டீசல் பம்புக்கு டீசலே மசகு. அது மெலிந்தால் உள்ளே உரசித் தேயும்.

இவ்வளவுக்குப் பிறகும் மைலேஜ் வரவில்லை என்றால் வால்வுகளுக்கான இடைவெளியான டாப்பெட் கிளியரன்ஸ் (இசுசு 4ஜேபி1 இன்ஜினில் குளிர்ந்த நிலையில் 0.4 மி.மீ.), அதன்பின் நாசில். நாசிலைத் தனித்தனியாக மாற்றாமல் செட்டாகச் சோதித்து, திறக்கும் பிரஷரைச் சமமாக வையுங்கள். பழைய காப்பர் வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டியிருந்து, அதன் மேல் புதியது ஏறினால் நாசில் உயர்ந்து நின்று ஸ்பிரே தப்பும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டே பொருத்துங்கள்.

டைமிங், அதாவது பம்ப் டீசலைப் பீய்ச்சும் நேரம், கடைசி. பின்தங்கியிருந்தால் குளிரில் வெண்புகையும் இழுவைக் குறைவும், முந்தியிருந்தால் கடகட சத்தமும் வரும். டயல் கேஜ் வைத்துச் செட் செய்வதே முறை. பம்பைக் கையால் திருப்ப நேர்ந்தால் அது இன்ஜினோடு சேரும் ஃபிளான்ஜில் முதலில் கோடு கிழித்து, ஒரு தடவைக்கு 1 மி.மீ.க்கு மேல் நகர்த்தாதீர்கள். திருப்பும் முன் இன்ஜெக்டர் பைப் நட்டுகளைத் தளர்த்துங்கள். முறுக்கிய நிலையில் விட்ட பைப், சில மாத அதிர்வில் நட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும்.