பிளஸ் டூ மார்க்கா, நீட்டா? மலையிலிருந்து ஒரு கணக்கு

ஊட்டிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தாயிற்று, 150 இடங்கள். மாநிலம் முழுக்க ஒரே கவுன்சிலிங் என்பதால், கோத்தகிரிப் பிள்ளைக்கு அதில் தனிச் சலுகை ஏதும் கிடையாது. எந்த மதிப்பெண்ணை வைத்து வரிசை போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மார்க் மட்டும்தான். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக 200 கட்-ஆஃப். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் கையில் ஒரே பாடப்புத்தகம். ஆனால் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் சில பதினொன்றாம் வகுப்பை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டையே இரண்டு வருடம் உருப்போட வைத்தன. அதனால் அந்தக் காலத்திலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடங்கள் சொற்பம்தான். பழைய முறையைப் புகழும்போது இதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

நீட்டில் அந்தக் குறுக்குவழி செல்லாது. 180 கேள்வி, 720 மார்க், தப்பாகப் போட்டால் ஒன்று கழியும். இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்பார்கள். சரி, நியாயம்தானே? கோச்சிங் என்று வரும்போதுதான் சிக்கல். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஆனால் தினமும் இறங்கி ஏறிப் படிக்க முடியுமா? கோவையில் ஹாஸ்டல் எடுக்க வேண்டும். முதல் முறை கிடைக்காவிட்டால் இன்னொரு வருடம். பச்சைத் தேயிலை விற்கும் காசில் இதைத் தாங்கும் வீடுகள் எத்தனை? போதாக்குறைக்கு 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்மையில் கதவைத் திறந்தது 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடுதான். அதற்கும் நீட்டில் தேறியாக வேண்டும்.

என் ஓட்டு மார்க்குக்கே, ஆனால் பதினொன்றையும் பன்னிரண்டையும் சேர்த்து எண்ணினால் மட்டும். 2018 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருந்ததால் அது நடக்கக்கூடியதாகத்தான் தெரிந்தது. 2025-இல் அந்தத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள்.