எபெட்ஸ் ஃபீல்ட் படமும் ஹட்டன் பிரேம் கடையும்

பாடசாலை விளையாட்டு அறைக்காக ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெருசாக்கி பிரேம் போடக் கொடுத்திருந்தேன். ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள சின்னக் கடை. "எந்த ஊர் கிரவுண்ட் சேர் இது?" என்று கடைக்கார அண்ணன் கேட்டார். அமெரிக்காவின் நியூயோர்க் நகரில், புரூக்ளினில் இருந்த எபெட்ஸ் ஃபீல்ட் பேஸ்போல் மைதானம், 1913இல் திறந்தது என்றேன்.

கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குகள் பல தசாப்தங்களாக ஒதுக்கி வைத்திருந்தன. 1947 ஏப்ரல் 15 அன்று அந்தத் தடையை உடைத்துக் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் ஆட இறங்கியது இந்த மண்ணில்தான். லயத்துப் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1957 சீசனோடு, இங்கே ஆடிவந்த அவருடைய டொட்ஜர்ஸ் அணி லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. 1960இல் மைதானத்தை இடித்தார்கள், அதுவும் பேஸ்போல் மாதிரி வர்ணம் பூசிய இரும்புக் குண்டால். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். நினைத்தாலே மனம் கனக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். "இதுக்கு மேல பெருசாக்கினா எழுத்து உடைஞ்சிரும்" என்று அண்ணனே அளவைக் குறைத்தார். அதனால்தான் ஸ்கோர்போர்டுக்குக் கீழே, பந்து பட்டால் சூட் இலவசம் என்ற துணிக்கடை விளம்பரம்கூடத் தெளிவாக வாசிக்க முடிகிறது. நம்ம பக்கத்து ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் பின்பலகையைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார், ஒரு இடைவெளி இல்லை. விலையும் நியாயம்.

சொன்ன நாளுக்குக் கிடைக்கவில்லை, அது ஒரு குறை. கண்ணாடியும் ஜன்னல் வெளிச்சத்தில் பளபளக்கிறது. மினுக்கம் இல்லாத கண்ணாடி வேண்டுமென்றால் ஓடர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.